ஆஸ்கர் எப்போது கெட்டுப்போனது? விதிப்புத்தகத்தை வைத்து ஒரு விவாதம்

4 மார்ச் 2025 (வாசகர் கேள்வி)

ஒரு காலத்தில் திறமைக்கு மட்டுமே கிடைத்த ஆஸ்கர் விருது, இப்போது விளம்பரச் செலவுக்கும் அரசியலுக்கும் கிடைக்கிறது என்பது என் கருத்து. இந்த வீழ்ச்சி எந்த ஆண்டில் தொடங்கியது என்பதை வரலாறு தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும். என்னுடைய கணிப்பு 1999.

5 மார்ச் 2025

1999 என்று நீங்கள் சொல்வது, 'சேவிங் பிரைவேட் ரயன்' வெல்லும் என்று பலரும் எதிர்பார்த்திருந்த இரவில் 'ஷேக்ஸ்பியர் இன் லவ்' சிறந்த படமானதை மனத்தில் வைத்துத்தான் என்று நினைக்கிறேன். அந்தப் படத்தை வெளியிட்ட மிராமேக்ஸ் நிறுவனம் அந்த ஆண்டு நடத்திய பிரசாரம் மிகப் பெரியது என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வீழ்ச்சி என்று ஒன்று இருக்குமானால் அதற்கு முன் ஓர் உயரம் இருந்திருக்க வேண்டும். அப்படியோர் உயரத்தை நான் படித்த வரை எந்த ஆண்டிலும் காணவில்லை.

ஆஸ்கரை வழங்கும் திரைத்துறை அமைப்பான அகாதமி தொடங்கப்பட்டதே விருது கொடுப்பதற்காக அல்ல. 1926 நவம்பரில் ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் தங்களுடைய தொழிலாளர் சங்கங்களோடு ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டியிருந்தது. அடுத்தபடியாக நடிகர்களும் எழுத்தாளர்களும் இயக்குநர்களும் சங்கம் அமைத்துவிடுவார்கள் என்று அஞ்சிய எம்.ஜி.எம். ஸ்டுடியோவின் லூயி பி. மேயர், அவர்களையும் தயாரிப்பாளர்களையும் ஒரே அமைப்புக்குள் வைத்துக்கொண்டால் சச்சரவுகளை வீட்டுக்குள்ளேயே தீர்த்துக்கொள்ளலாம் என்று கணக்கிட்டார். 1927 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸின் அம்பாசடர் ஹோட்டலில் 36 பேரை அழைத்து நடத்திய விருந்தில் அந்தத் திட்டம் முன்வைக்கப்பட்டது. விருது என்பது அந்த அமைப்பின் பல வேலைகளுள் ஒன்றாக, சற்றுப் பின்னால் வந்து சேர்ந்தது. படைப்பாளிகளுக்குப் பதக்கம் மாட்டிவிட்டால் அவர்கள் நாம் விரும்பும் படத்தை எடுத்துத் தருவார்கள் என்ற பொருளில் மேயர் பிற்காலத்தில் பேசியதாக அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

முதல் விழா 1929 மே 16 அன்று ஹாலிவுட் ரூஸ்வெல்ட் ஹோட்டலில் நடந்தது. நுழைவுச்சீட்டு 5 டாலர். வந்தவர்கள் சுமார் 270 பேர். விருது வழங்கும் பகுதி ஏறக்குறைய 15 நிமிடங்களில் முடிந்தது. வெற்றியாளர்களின் பெயர்கள் மூன்று மாதங்களுக்கு முன்பே, பிப்ரவரியிலேயே வெளியாகிவிட்டதால் யாரும் இருக்கை நுனியில் அமர்ந்திருக்கத் தேவையிருக்கவில்லை. சிறந்த நடிகரான எமில் யானிங்ஸ் விழாவுக்கு முன்பே தம்முடைய சிலையை வாங்கிக்கொண்டு ஜெர்மனிக்குத் திரும்பிவிட்டார்.

பழைய வீட்டுச் சுவரில் பூச்சு எங்கெங்கே புதிதாக இருக்கிறது என்று பார்த்தால், எந்தெந்த மழையில் எங்கெங்கே ஒழுகியது என்பது தெரிந்துவிடும். ஆஸ்கரின் விதிப்புத்தகமும் அப்படித்தான். ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் தலைகுனிந்த ஒரு சம்பவம் இருக்கிறது. உங்கள் கேள்விக்கு ஓர் ஆண்டைச் சொல்லி முடிப்பதைவிட அந்தப் பூச்சுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பதே பயனுள்ளது.

6 மார்ச் 2025

முதல் ஆண்டில் சிறந்த படங்கள் இரண்டு என்று ஒருவர் எழுதியிருப்பது சரியே. 'விங்ஸ்' தலைசிறந்த படமாகவும், மூர்னாவின் 'சன்ரைஸ்' தனித்தன்மையும் கலைத்தன்மையும் கொண்ட படமாகவும் விருது பெற்றன. இவற்றுள் ஒன்று மற்றொன்றுக்குக் கீழானது என்று அன்று யாரும் அறிவிக்கவில்லை. மறு ஆண்டே கலைத்தன்மைக்கான பிரிவு கைவிடப்பட்டது. பிற்காலத்தில் அகாதமி 'விங்ஸ்' படத்தையே முதல் சிறந்த படமாகக் கணக்கில் எடுத்துக்கொண்டது. இந்த இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: வான்சண்டைக் காட்சிகளின் பிரம்மாண்டத்தில் 'விங்ஸ்' இன்றும் மலைக்க வைக்கிறது, ஆனால் மீண்டும் பார்க்கத் தோன்றுவது 'சன்ரைஸ்' தான். கலைக்கென்று தனி இடம் ஒதுக்கியிருந்த ஒரே ஆண்டு அதுதான் என்பதால், உயரம் என்று ஒன்றைக் காட்டியே தீரவேண்டுமென்றால் அந்த ஓர் ஆண்டை வேண்டுமானால் ஒப்புக்கொள்ளலாம்.

9 மார்ச் 2025

இரண்டாவது விழாவிலேயே முதல் ஒழுகல் தொடங்கிவிட்டது. அப்போது வெற்றியாளர்களை முடிவுசெய்தது உறுப்பினர்கள் அல்லர். ஒரு சிறிய நடுவர் குழு. அகாதமியை நிறுவியவர்களுள் ஒருவரும், அதன் முதல் தலைவர் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸின் மனைவியுமான மேரி பிக்ஃபோர்ட், அந்த நடுவர்களைத் தம்முடைய பிக்ஃபேர் மாளிகைக்குத் தேநீருக்கு அழைத்தார். 1930 ஏப்ரலில் 'கொக்கெட்' படத்துக்காகச் சிறந்த நடிகை விருது அவருக்கே கிடைத்தது. தேநீருக்கும் விருதுக்கும் தொடர்பு உண்டா என்பதை யாரும் நிரூபிக்க முடியாது; ஆனால் எழுந்த முணுமுணுப்பு போதுமானதாக இருந்தது. அடுத்த விழாவிலிருந்து வாக்குரிமை எல்லா உறுப்பினர்களுக்கும் விரிந்தது. அந்தப் படத்தில் அவருடைய நடிப்பை இன்று பார்ப்பவர்கள், தேநீர் மிகவும் நன்றாக இருந்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கே வருவார்கள்.

அடுத்து 1932 நவம்பர் விழாவைப் பாருங்கள். 'டாக்டர் ஜெகில் அண்ட் மிஸ்டர் ஹைட்' படத்தில் நடித்த ஃபிரெட்ரிக் மார்ச், 'தி சாம்ப்' படத்தில் நடித்த வாலஸ் பியரியைவிட ஒரே ஒரு வாக்கு அதிகம் பெற்றிருந்தார். மூன்று வாக்குகளுக்குள் வேறுபாடு இருந்தால் சமநிலையாகக் கருதவேண்டும் என்ற அன்றைய விதியின்படி இருவருக்கும் விருது வழங்கப்பட்டது. இருவரும் அண்மையில் தனித்தனியே குழந்தையைத் தத்தெடுத்திருந்தார்கள். அப்படிப்பட்ட இருவருக்குச் சிறந்த ஆண் நடிப்புக்கான விருது கிடைப்பது வேடிக்கைதான் என்று மார்ச் மேடையில் சொன்னதாகக் கதை உண்டு. பின்னர் வாக்குகள் துல்லியமாகச் சமமாக இருந்தால் மட்டுமே பகிர்வு என்று விதி மாறியது. 1969இல் கேத்தரின் ஹெப்பர்னும் பார்பரா ஸ்ட்ரைசண்டும் பகிர்ந்துகொண்டது அந்தப் புதிய விதியின்படிதான்.

10 மார்ச் 2025

"வாக்கு எண்ணுவதற்குக் கணக்குத் தணிக்கை நிறுவனம் எதற்கு? உறுப்பினர்களே எண்ணிக்கொள்ளக் கூடாதா?" என்று கேட்கப்பட்டிருக்கிறது. 1934ஆம் ஆண்டுப் படங்களுக்கான பரிந்துரையில் 'ஆஃப் ஹியூமன் பாண்டேஜ்' படத்தில் நடித்த பெட்டி டேவிஸின் பெயர் இடம்பெறவில்லை. எழுந்த கூச்சலைச் சமாளிக்க முடியாத அகாதமி, வாக்குச்சீட்டில் இல்லாத பெயரையும் உறுப்பினர்கள் கையால் எழுதலாம் என்று அறிவித்தது. பெட்டி டேவிஸ் அப்போதும் வெல்லவில்லை. கிளாடெட் கோல்பெர்ட் வென்றார். ஆனால் எண்ணுகிறவர்கள்மீது சந்தேகம் விழுந்துவிட்டதால் பிரைஸ் வாட்டர்ஹவுஸ் நிறுவனம் உள்ளே வந்தது. இன்றுவரை அதன் வழிவந்த நிறுவனமே எண்ணுகிறது. மறு ஆண்டும் எழுதிச் சேர்க்கும் சலுகை நீடித்தபோது, பரிந்துரையிலேயே இல்லாத ஹால் மோர் 'எ மிட்சம்மர் நைட்ஸ் டிரீம்' படத்துக்கான ஒளிப்பதிவு விருதைத் தட்டிச்சென்றார். அதோடு அந்தச் சலுகை நிறுத்தப்பட்டது. அப்படி வென்றவர் வரலாற்றில் அவர் ஒருவரே.

12 மார்ச் 2025

அரசியல் புதிது என்று தொடக்கக் கேள்வியில் இருக்கிறது. ஆகவே மேயரின் கணக்கு என்ன ஆயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். பொருளாதார மந்தத்தின் உச்சத்தில், 1933 மார்ச்சில், ஸ்டுடியோக்கள் எட்டு வாரங்களுக்குப் பாதிச் சம்பளத்தைக் குறைக்க முனைந்தபோது அகாதமி நடுநிலை வகிக்கும் அமைப்பு அன்று என்பது கலைஞர்களுக்குத் தெளிவாகிவிட்டது. அந்த ஆண்டே நடிகர் சங்கம் பிறந்தது. எந்தச் சங்கம் உருவாகக் கூடாது என்று அகாதமி தொடங்கப்பட்டதோ, அந்தச் சங்கம் அகாதமியின் செயலாலேயே உருவானது. 1936 விழாவைச் சங்கங்கள் புறக்கணித்தன. 'தி இன்ஃபார்மர்' படத்துக்கான திரைக்கதை விருதை டட்லி நிக்கோல்ஸ் வாங்க மறுத்தார். அப்போது அகாதமியின் தலைவராக இருந்த ஃபிராங்க் காப்ரா, அரங்கம் காலியாகத் தெரியாமல் இருக்க டி.டபிள்யூ. கிரிஃபித்துக்குக் கௌரவ விருது ஏற்பாடு செய்து கூட்டம் சேர்த்தார். அதன்பின் அகாதமி தொழில் தகராறுகளில் தலையிடுவதை விட்டுவிட்டது. துணை வேலையாகத் தொடங்கிய விருது, அமைப்பின் முழு அடையாளமாகிப்போனது இப்படித்தான்.

1971இல் ஜார்ஜ் சி. ஸ்காட்டும் 1973இல் மார்லன் பிராண்டோவும் மறுத்ததை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். முதல் மறுப்பு 1936இலேயே, அதுவும் தொழிற்சங்கத்துக்காக நடந்தது என்பதை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை.

16 மார்ச் 2025

வெற்றியாளர் பெயரை முத்திரையிட்ட உறையில் வைக்கும் வழக்கம் எப்படி வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு காலத்தில் வெற்றியாளர் பட்டியல் செய்தித்தாள்களுக்கு முன்கூட்டியே கொடுக்கப்பட்டு, இரவு 11 மணிக்குமேல் அச்சிடலாம் என்ற ஏற்பாடு இருந்தது. 1940இல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் அதை மாலைப் பதிப்பிலேயே வெளியிட்டுவிட்டது. விருந்துக்கு வந்தவர்கள் வழியிலேயே முடிவைப் படித்துவிட்டார்கள். 1941 முதல் உறை வந்தது.

ஆனால் அந்த 1940 இரவைப் பற்றிப் பேசும்போது உறையோடு நிறுத்திக்கொள்வது எனக்கு உறுத்தலாக இருக்கிறது. 'கான் வித் த விண்ட்' படத்துக்காகச் சிறந்த துணை நடிகை விருது பெற்ற ஹேட்டி மெக்டேனியல், ஆஸ்கர் வென்ற முதல் கறுப்பினக் கலைஞர். விழா நடந்தது அம்பாசடர் ஹோட்டலின் கோகனட் குரோவ் அரங்கில். அங்கே கறுப்பினத்தவருக்கு அனுமதி கிடையாது. தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக் தனியாகக் கேட்டுக்கொண்ட பிறகே அவர் உள்ளே விடப்பட்டார். படத்தின் மற்ற நடிகர்களோடு அன்றி, சுவரோரத்தில் போடப்பட்ட ஒரு சிறிய மேசையில் அவர் அமர்ந்தார். மேடையில் அவர் தம் இனத்துக்கும் திரைத்துறைக்கும் பெருமை சேர்ப்பவராக இருப்பேன் என்று சொல்லிக் கண்ணீரோடு இறங்கிய காட்சித்துண்டை நான் முதலில் பார்த்தபோது, அவர் எங்கிருந்து எழுந்து வந்தார் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்தபின் மறுபடியும் பார்த்தேன். அதே துண்டுதான், ஆனால் அரங்கின் கைதட்டல் வேறுவிதமாகக் கேட்டது.

துணை நடிகர்களுக்கு அன்று முழுச் சிலை கிடையாது, ஒரு பட்டயம்தான். ஹோவர்ட் பல்கலைக்கழகத்துக்கு அவர் விட்டுச்சென்ற அந்தப் பட்டயம் பிற்காலத்தில் காணாமல் போயிற்று. 2023இல் அகாதமி அதற்கு ஒரு மாற்றைச் செய்து கொடுத்தது. அவருக்குப் பிறகு நடிப்புக்காக ஒரு கறுப்பினப் பெண் ஆஸ்கர் வாங்கியது 1991இல், 'கோஸ்ட்' படத்துக்காக வூப்பி கோல்ட்பெர்க். இடையில் கடந்தது அரை நூற்றாண்டு. திறமைக்கு மட்டுமே விருது கிடைத்த காலம் எது என்று கேட்கிறவர்கள் இந்த இடைவெளிக்குள் எந்த ஆண்டைச் சுட்டுவார்கள் என்று அறிய விரும்புகிறேன்.

17 மார்ச் 2025

உறை பற்றிய மிச்சம். 2017 பிப்ரவரி 26 அன்று, சிறந்த படத்தை அறிவிக்க மேடையேறிய நடிகர் வாரன் பீட்டியின் கையில் தரப்பட்டது சிறந்த படத்துக்கான உறை அன்று. சற்று முன்பு அறிவிக்கப்பட்ட சிறந்த நடிகைக்கான உறையின் இரண்டாவது பிரதி. மேடையின் இரு பக்கங்களிலும் தணிக்கையாளர் ஒருவர் முழுத் தொகுதி உறைகளோடு நிற்பார் என்பதால், ஒவ்வொரு பிரிவுக்கும் இரண்டு உறைகள் உண்டு. பாதுகாப்புக்காகச் செய்த இரட்டிப்பே பிழைக்கு வழிசெய்தது. அவரோடு அறிவிக்க வந்த ஃபே டனவே 'லா லா லேண்ட்' என்று படித்தார். நன்றியுரைகள் நடந்துகொண்டிருந்தபோதே அந்தப் படத்தின் தயாரிப்பாளர் ஜோர்டன் ஹோரோவிட்ஸ் ஒலிபெருக்கி முன் வந்து, வென்றது 'மூன்லைட்' என்று அறிவித்து அட்டையைத் தூக்கிக் காட்டினார். இங்கே அது திங்கட்கிழமை காலை. வேலைக்குக் கிளம்பியவர்கள் பலர் 'லா லா லேண்ட்' வென்றது என்ற செய்தியோடு கிளம்பியிருந்தார்கள். நான் தொலைக்காட்சியை அணைக்காமல் இருந்ததற்கு ஒரே காரணம், நன்றியுரைகளில் யார் யாரை மறக்கிறார்கள் என்று பார்க்கும் கெட்ட பழக்கம்.

பிறகு வந்த பூச்சு: கட்டுப்பாட்டு அறையில் மூன்றாவது தணிக்கையாளர் ஒருவர், அவரிடம் மூன்றாவது தொகுதி உறைகள். மேடைப்பக்கத்தில் நிற்கும் தணிக்கையாளர்கள் கைப்பேசி வைத்திருக்கக் கூடாது.

18 மார்ச் 2025

ஒரே நடிப்புக்கு இரண்டு பிரிவுகளில் பரிந்துரை கிடைக்குமா என்ற கேள்விக்குச் சுருக்கமான விடை: ஒருமுறை கிடைத்தது. 'கோயிங் மை வே' படத்தில் நடித்த பேரி ஃபிட்ஸ்ஜெரால்ட், 1944ஆம் ஆண்டுக்கான சிறந்த நடிகர், சிறந்த துணை நடிகர் ஆகிய இரண்டு பட்டியல்களிலும் இருந்தார். துணை நடிகர் விருது அவருக்கும், சிறந்த நடிகர் விருது அதே படத்தின் பிங் கிராஸ்பிக்கும் போயின. விதி உடனே மாற்றப்பட்டது. போர்க்கால உலோகத் தட்டுப்பாட்டால் அந்நாளில் சிலைகள் வண்ணம் பூசிய பிளாஸ்டரில் செய்யப்பட்டன. ஃபிட்ஸ்ஜெரால்ட் வீட்டுக்குள் கோல்ஃப் மட்டையை வீசிப் பழகியபோது தம்முடைய சிலையின் தலையை உடைத்துக்கொண்டார்.

மாற்றிய விதியும் முழுமையானதன்று. 2021இல் 'ஜூடாஸ் அண்ட் த பிளாக் மெசையா' படத்தின் இரு முதன்மை நடிகர்களும் துணை நடிகர் பிரிவில் பரிந்துரை பெற்றார்கள். அந்தப் படத்தில் கதாநாயகன் யார் என்பது அகாதமிக்கு இன்னும் தெரியவில்லை.

23 மார்ச் 2025

கம்யூனிஸ்ட் என்று சந்தேகிக்கப்பட்டவர்களுக்கு ஹாலிவுட் வேலை தர மறுத்த கறுப்புப் பட்டியல் காலத்தை யாரும் தொடவில்லை என்பதால் நானே எழுதுகிறேன். என் பார்வையில் விதிப்புத்தகத்திலேயே மிக இழிவான பக்கம் இது. 1957 பிப்ரவரியில் அகாதமி, கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்து அதைத் துறக்காதவர்களும் நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் முன் வாய்திறக்க மறுத்தவர்களும் விருதுக்குத் தகுதியற்றவர்கள் என்று எழுத்தில் ஒரு விதியே செய்தது. அந்த ஆண்டுப் பரிந்துரையில் 'ஃபிரெண்ட்லி பெர்சுவேஷன்' திரைக்கதை இடம்பெற்றது. அதை எழுதிய மைக்கேல் வில்சனின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில், எழுத்தாளர் தகுதியற்றவர் என்ற குறிப்பு மட்டும் இருந்தது. எழுத்து தகுதியானது, எழுதியவர் தகுதியற்றவர்.

அதே இரவில் 'தி பிரேவ் ஒன்' படத்தின் கதைக்காக ராபர்ட் ரிச் என்பவருக்கு விருது அறிவிக்கப்பட்டது. மேடைக்கு வந்தவர் எழுத்தாளர் சங்கத்தைச் சேர்ந்த ஜெஸ்ஸி லாஸ்கி ஜூனியர். ரிச் தம் மனைவியின் பிரசவத்துக்காக மருத்துவமனையில் இருக்கிறார் என்று சொல்லிச் சிலையை வாங்கிக்கொண்டார். செய்தியாளர்கள் தேடத் தொடங்கியபோது அப்படி ஓர் எழுத்தாளர் ஹாலிவுட்டில் இல்லவே இல்லை. எழுதியவர், விசாரணைக் குழுவுக்குப் பதில் சொல்ல மறுத்துச் சிறைக்குப் போய்வந்த டால்டன் டிரம்போ. மறு ஆண்டு 'தி பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்' படத்தின் திரைக்கதை விருது, மூல நாவலை எழுதிய பிரெஞ்சுக்காரர் பியர் பூலுக்குப் போயிற்று. உண்மையில் எழுதிய கார்ல் ஃபோர்மனும் மைக்கேல் வில்சனும் கறுப்புப் பட்டியலில் இருந்தவர்கள். 1959 ஜனவரியில், புனைபெயரில் எழுதிய இன்னொருவர் வெல்லப்போகும் நிலை வந்தபோது, அகாதமி அந்த விதியை நடைமுறைப்படுத்த முடியாதது என்று சொல்லி நீக்கியது. தவறானது என்று சொல்லவில்லை.

டிரம்போவுக்கு அந்தச் சிலை 1975இல், அவர் இறப்பதற்கு முந்தைய ஆண்டில் தரப்பட்டது. வேறொருவர் பெயரில் அவர் எழுதிய 'ரோமன் ஹாலிடே' கதைக்கான விருது 1993இல் அவர் மனைவியிடம் வழங்கப்பட்டது. ஃபோர்மனுக்கும் வில்சனுக்கும் உரியது 1980களில், இருவரும் இறந்தபின் கிடைத்தது.

26 மார்ச் 2025

இப்போது விளம்பரத்துக்கு வருகிறேன். 1946இல் 'மில்ட்ரட் பியர்ஸ்' படத்துக்காக வென்ற ஜோன் கிராஃபோர்டுக்கு ஹென்றி ரோஜர்ஸ் என்ற விளம்பர முகவர் மாதக்கணக்கில் பத்திரிகைகளில் செய்தி பரப்பினார். விழாவன்று உடல்நலமில்லை என்று வீட்டிலிருந்த கிராஃபோர்ட், படுக்கையிலேயே ஒப்பனையோடு சிலையை வாங்கிக்கொண்ட புகைப்படம், அரங்கிலிருந்த எல்லோரையும்விடப் பெரிதாகப் பத்திரிகைகளில் வந்தது.

அதைவிடச் சுவையானது 1961. 'தி அலமோ' படத்தின் துணை நடிகர் சில் வில்ஸ், வென்றாலும் தோற்றாலும் எல்லோரும் தம் உறவினர்களே என்று அகாதமி உறுப்பினர்களின் பெயர்களை அடுக்கி வணிகப் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்தார். உங்கள் உறவினராக இருப்பதில் மகிழ்ச்சி, ஆனால் என் வாக்கு சால் மினியோவுக்கு என்று குரூச்சோ மார்க்ஸ் பதில் விளம்பரம் கொடுத்தார். படத்தை இயக்கி நடித்த ஜான் வெயினே அந்தப் பிரசாரத்தைக் கண்டித்து எழுதவேண்டிய நிலை வந்தது. வில்ஸும் வெல்லவில்லை, மினியோவும் வெல்லவில்லை. வென்றவர் பீட்டர் உஸ்தினோவ்.

ஆகவே 1999இல் மாறியது பிரசாரம் என்ற செயல் அன்று, அதன் பணபலம். அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் 2023ஐயும் நினைத்துப் பாருங்கள். 'டு லெஸ்லி' என்ற சிறிய படத்தில் நடித்த ஆண்ட்ரியா ரைஸ்பரோவுக்கு, பெரும் பணம் எதுவும் இல்லாமல், சக நடிகர்கள் தனிப்பட்ட முறையில் செய்த சிபாரிசால் பரிந்துரை கிடைத்தது. உடனே அகாதமி ஆய்வு நடத்தியது. பரிந்துரையை நீக்கவில்லை, ஆனால் தனிப்பட்ட சிபாரிசு பற்றிய விதிகளை இறுக்கியது. பணம் கொட்டியவர்களைவிடப் பணமில்லாமல் வாக்குக் கேட்டவர்கள் கூடுதலாக விசாரிக்கப்பட்டார்கள் என்பது எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

30 மார்ச் 2025

விழா தொலைக்காட்சிக்கு முதலில் வந்தது 1953 மார்ச் 19 அன்று. ஸ்டுடியோக்கள் விழாச் செலவை ஏற்க மறுத்தன; தங்களுடைய பார்வையாளர்களைப் பறித்துக்கொண்டிருந்த தொலைக்காட்சியிடமே, என்.பி.சி. தந்த 1,00,000 டாலருக்காக, அகாதமி போய் நிற்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து விழாவின் நீளத்தை யாராலும் குறைக்க முடியவில்லை. 2022இல் எட்டு விருதுகளை நேரலைக்கு முன்பே கொடுத்துப் பதிவாக ஒளிபரப்பினார்கள்; தொழில்நுட்பக் கலைஞர்கள் கொதித்தார்கள்; மறு ஆண்டே அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. அந்த ஆண்டு மிச்சப்படுத்திய நேரத்தில் உலகம் பார்த்தது, மேடையில் கிறிஸ் ராக்கின் கன்னத்தில் வில் ஸ்மித் விட்ட ஓர் அறை.

3 ஏப்ரல் 2025

இந்தியப் படங்கள் ஏன் வெல்வதில்லை என்ற கேள்வி வந்தே தீரும் என்று எதிர்பார்த்தேன். பிறமொழிப் படங்களுக்கான போட்டிப் பிரிவு 1957 விழாவில் தொடங்கியது. ஒரு நாட்டுக்கு ஒரு படம். அதை அந்த நாட்டின் அமைப்பே தேர்ந்து அனுப்ப வேண்டும். அடுத்த ஆண்டே 'மதர் இந்தியா' இறுதிப் பட்டியலுக்கு வந்து, ஃபெல்லினியின் 'நைட்ஸ் ஆஃப் கபிரியா' படத்திடம் தோற்றது. அதன்பின் இறுதிப் பட்டியல் வரை போனவை 'சலாம் பாம்பே', 'லகான்' ஆகிய இரண்டே. தமிழிலிருந்து 'தெய்வமகன்' தொடங்கி 'நாயகன்', 'அஞ்சலி', 'தேவர் மகன்', 'ஹே ராம்', 'விசாரணை', 'கூழாங்கல்' எனப் பல அனுப்பப்பட்டும் எதுவும் பரிந்துரை பெறவில்லை.

அகாதமி ஒதுக்குகிறது என்று நாம் குறைப்பட்டுக்கொள்கிறோம். முதல் வடிகட்டி நம் கையில்தான் இருக்கிறது. 2022இல் அனுப்பப்படாத 'ஆர்.ஆர்.ஆர்.' படம், வேறு பிரிவில் போட்டியிட்டு 'நாட்டு நாட்டு' பாடலுக்கு விருது வாங்கியது. 2024இல் கான் திரைவிழாவில் கிராண்ட் பிரீ வென்ற 'ஆல் வி இமேஜின் ஆஸ் லைட்' படத்தை இந்தியாவும் அனுப்பவில்லை, கூட்டுத் தயாரிப்பு நாடான பிரான்சும் அனுப்பவில்லை. பிரான்ஸ் அனுப்பிய 'எமிலியா பெரெஸ்' 13 பரிந்துரைகளோடு வந்து, இந்தப் பிரிவில் பிரேசிலின் 'ஐ ஆம் ஸ்டில் ஹியர்' படத்திடம் தோற்றது. அரசுகளோ அவற்றுக்கு நெருக்கமான அமைப்புகளோ படத்தைத் தேர்ந்தெடுக்கும் வரை, தன் நாட்டை விமர்சிக்கும் படம் அந்த நாட்டின் பெயரால் வருவது அரிது. இந்த ஒரு விதியில் மட்டும் அகாதமி போதுமான அளவு தலைகுனியவில்லை என்று நினைக்கிறேன்.

7 ஏப்ரல் 2025

சிறந்த படத்துக்குப் பத்துப் பரிந்துரைகள் என்பது தரத்தை நீர்க்கச் செய்துவிட்டது என்ற கருத்துக்கு: பத்து என்பது புதிதன்று. 1930களின் நடுவில் பன்னிரண்டு படங்கள்கூடப் போட்டியிட்டன. 'காசபிளாங்கா' வென்றபோது பட்டியலில் பத்துப் படங்கள். மறு ஆண்டுதான் அது ஐந்தாகச் சுருங்கியது. 2009இல் 'தி டார்க் நைட்' பட்டியலில் இடம்பெறாததை ஒட்டி எழுந்த சலசலப்புக்குப் பின் மீண்டும் பத்தானது. 2018இல் மக்கள் விரும்பிய படத்துக்குத் தனி விருது என்று அறிவித்து, ஒரே மாதத்தில் அதைத் தள்ளிவைத்ததும் இதே கவலையால்தான்.

பத்தோடு சேர்ந்து வந்த வாக்குமுறையே முக்கியமானது. உறுப்பினர் படங்களை வரிசைப்படுத்த வேண்டும். முதலிடங்கள் குறைந்த படம் நீக்கப்பட்டு, அந்தச் சீட்டுகள் அவற்றில் அடுத்ததாக உள்ள படத்துக்குப் போகும். ஏதேனும் ஒரு படம் பாதியைத் தாண்டும்வரை இது தொடரும். எனக்கு இது முதலில் பிடிக்கவில்லை. நண்பர்கள் சிலர் சேர்ந்து ஓர் ஆண்டின் பட்டியலை இதே முறையில் வரிசைப்படுத்தி எண்ணிப் பார்த்தோம். அதிக முதலிடங்கள் பெற்ற படம் தோற்றது. பெரும்பாலோர் இரண்டாவதாகவும் மூன்றாவதாகவும் வைத்திருந்த படம் வென்றது. யாரும் வெறுக்காத படத்துக்குப் பரிசு கொடுக்கும் இயந்திரம் இது என்று அப்போது எரிச்சலோடு சொன்னேன். ஆனால் இந்த இயந்திரம் இருந்த ஆண்டுகளில்தான் 'மூன்லைட்' வென்றது. 2020இல் ஆங்கிலம் அல்லாத முதல் சிறந்த படமாக 'பாரசைட்' வென்றது. இவை யாரும் வெறுக்காத படங்கள் என்ற விளக்கத்துக்குள் அடங்காது. ஆகவே வாக்குமுறையைவிட வாக்காளர்கள் மாறியதே பெரிய காரணம் என்ற எண்ணம் இப்போது வலுத்திருக்கிறது. 2015, 2016 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் நடிப்புக்கான 20 பரிந்துரைகளும் வெள்ளையருக்கே போயின. அதன் பிறகுதான் அகாதமி பெண்களையும் சிறுபான்மையினரையும் பிற நாட்டவரையும் பெருமளவில் உறுப்பினராக்கியது. பூச்சு அங்கே உண்மையாகவே வேலை செய்திருக்கிறது.

11 ஏப்ரல் 2025

நேற்றைய அறிவிப்பு: சண்டைக் காட்சி வடிவமைப்புக்குத் தனி விருது, 2027ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து, அதாவது நூறாவது விழாவில். முதல் சிறந்த படமான 'விங்ஸ்' முழுக்க உயிரைப் பணயம் வைத்த விமானச் சாகசங்களால் ஆனது. சாகசக் காட்சிக் கலைஞர் யகிமா கனட் 1967இல் ஒரு கௌரவ விருது பெற்றார். மற்றவர்கள் காத்திருந்தார்கள்.

22 ஏப்ரல் 2025

இந்த விவாதம் நடந்துகொண்டிருக்கும்போதே விதிப்புத்தகத்தில் ஒரு புதிய பூச்சு விழுந்திருக்கிறது. இனி ஒரு பிரிவின் இறுதிச் சுற்றில் வாக்களிக்க வேண்டுமானால், அந்தப் பிரிவில் பரிந்துரை பெற்ற எல்லாப் படங்களையும் பார்த்திருக்க வேண்டும். இதுவரை அப்படி ஒரு பொதுவிதி இல்லை என்பதே பலருக்கு அதிர்ச்சி. சில பிரிவுகளில் முன்பிருந்தே இருந்தது. சிறந்த படம் போன்ற பெரிய பிரிவுகளில் உறுப்பினரின் மனச்சாட்சிக்கு விட்டிருந்தார்கள்.

எப்படிக் கண்காணிப்பார்கள் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். அகாதமியின் சொந்த இணையத் திரையரங்கில் பார்த்தால் அதுவே பதிவாகிவிடும். திரையரங்கிலோ விழாக்களிலோ பார்த்திருந்தால், எங்கே எப்போது பார்த்தேன் என்று உறுப்பினர் ஒரு படிவத்தில் நிரப்பித் தரவேண்டும். படத்தை ஓடவிட்டுவிட்டு அடுத்த அறையில் தூங்குகிறவரை எந்தப் படிவமும் பிடிக்காது. அதற்கான அடுத்த விதியை, அதற்கான அடுத்த அவமானம் வந்தபின் எழுதுவார்கள்.

24 ஏப்ரல் 2025

இல்லை, பழைய ஆண்டுகளின் வெற்றிகளை இந்த விதியின்படி மறுபரிசீலனை செய்யமாட்டார்கள். அப்படிச் செய்தால் 'கொக்கெட்' படத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.